நீரிணையைக் கடக்கும் பருந்துகள்

வலசை போகும் பறவைகள் என்றவுடன் நாரையும் வாத்தும் உள்ளானும் நினைவுக்கு வருவது இயல்பு. ஊன் உண்ணும் பறவைகளாகிய பருந்தும் வல்லூறும் அவ்வாறே ஆண்டுக்கு இரு முறை நாடு விட்டு நாடு செல்கின்றன என்பதும், அவை செல்லும் பெருவழிகளுள் ஒன்று மலாக்கா நீரிணையின் மேலே அமைந்துள்ளது என்பதும் பலர் கருத்தில் பதியாத செய்திகள். சைபீரியா, வடகிழக்குச் சீனா, கொரியா, சப்பான் ஆகிய இடங்களில் குஞ்சு பொரிக்கும் இப்பறவைகள், அங்குக் குளிர் மிகுந்து இரை அருகும் காலத்தில் தெற்கே வந்து சுமத்திரா, சாவகம், போர்னியோ முதலிய தீவுகளில் தங்குகின்றன. பிப்ரவரித் திங்களின் நடுப்பகுதி தொடங்கி ஏப்ரல் தொடக்கம் வரை மீண்டும் வடக்கே திரும்புகின்றன. அவ்வாறு திரும்பும்போது சுமத்திராக் கரையை விட்டுக் கடலின் மேல் எழும் பறவைகளுள் பல்லாயிரம், மறுகரையில் முதன்முதல் அடையும் நிலம் போர்ட்டிக்சனுக்குத் தெற்கே உள்ள தஞ்சோங் துவான் முனை.

இம்முனை நிலப்படத்தில் ஒரு விந்தை. இதனை அடுத்துள்ள நிலமெல்லாம் நெகிரி செம்பிலான் மாநிலம். முனை மட்டும் மலாக்காவுக்கு உரியது. போர்த்துக்கீசியர் இதனைப் ‘பிளந்த முனை’ என்னும் பொருள்படக் காபோ ரச்சாடோ என்றனர். 16ஆம் நூற்றாண்டிலேயே இக்குன்றின் மேல் கலங்கரை விளக்கம் ஒன்றை எழுப்பினர். 1606ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒல்லாந்தர் கப்பற்படையும் போர்த்துக்கீசியர் கப்பற்படையும் இதன் எதிரே கடலில் மோதின. இன்று உச்சியில் காணப்படும் வெண்ணிற விளக்கம் 1863இல் கட்டப்பட்டது. கப்பலோட்டிகள் இம்முனையைப் பெரிதாக மதித்ததற்கு நீரிணையின் அகலமே காரணம். பருந்துகள் மதிப்பதற்கும் அதுவே காரணம். எதிர்க்கரையில் ரூப்பாட் தீவு. இடையே உள்ள நீர் ஏறத்தாழ 38 கிலோமீட்டர்தான்.

இறகு உள்ள பறவைக்கு அகலமான கடலென்ன, குறுகிய கடலென்ன என்று மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. இதற்கு விடை காற்றில் இருக்கிறது.

காற்றே ஏணி

பருந்து வட்டமிடுவதைக் காணாத தோட்டப்புறத்துப் பிள்ளை இல்லை. சிறகை விரித்தது விரித்தபடி, ஒரு முறையும் அடிக்காமல், அது மேலே மேலே போய்ப் புள்ளியாகிறது. வெயில் ஏற ஏற நிலம் சூடாகின்றது. சூடான நிலத்தைத் தொட்ட காற்றும் சூடாகி, எடை குறைந்து, தூண் போல மேலே எழுகின்றது. இத்தகைய காற்றுத் தூணுக்குள் புகுந்து வட்டமிடும் பறவையைக் காற்றே தூக்கிச் செல்கின்றது. வேண்டிய உயரம் கிடைத்ததும் பறவை சிறகைச் சற்றே ஒடுக்கிக்கொண்டு, தான் செல்ல வேண்டிய திசையில் சறுக்கி இறங்குகின்றது. இறங்கும் வழியில் அடுத்த தூணைக் கண்டால் மீண்டும் ஏற்றம். அகன்ற சிறகும் கனத்த உடலும் உடைய பறவைக்குச் சிறகடித்துப் பறத்தல் பெருஞ்செலவு. சறுக்கிச் செல்லுதல் ஏறத்தாழ இலவசப் பயணம். சப்பானிலிருந்து போர்னியோ வரை செல்லும் பறவை முழுவழியும் சிறகடித்தே சென்றால் அதன் உடற்கொழுப்பு ஈடுகொடாது.

கடலின் மேல் இந்த ஏணி வலுவாக அமைவதில்லை. நீர் மெல்லச் சூடாகும். பெற்ற சூட்டையும் ஆழத்திற்குக் கலந்துவிடும். ஆகவே கடற்பரப்பில் எழும் காற்றுத் தூண்கள் நிலத்தில் எழுவனவற்றை நோக்க மிகவும் மெலிந்தவை. இதனை ஒரு கணக்காகவே வகுப்பில் போடலாம். ஒரு மீட்டர் இறங்கும் நேரத்தில் பறவை பத்து மீட்டர் முன்னே செல்கின்றது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மீட்டர் உயரத்தில் கரையை விட்ட பறவை சறுக்கியே பத்துக் கிலோமீட்டர் செல்லும். எஞ்சிய 28 கிலோமீட்டர்? அதனைச் சிறகடித்தே கடக்க வேண்டும். ஓய்ந்தால் இறங்கி இளைப்பாற அதற்குக் கடலில் இடமில்லை. அது நீர்ப்பறவை அன்று. ஆகவேதான் குறுகிய இடம் தேடிக் கடக்கின்றது. எதிர்க்கரையில் வெயில் ஏறிக் காற்று எழும் வரை காத்திருந்து, உயரம் பெற்ற பின்னரே புறப்படுகின்றது. அதனால்தான் தஞ்சோங் துவானில் விடியற்காலையில் சென்று நிற்பவருக்கு வானம் வெறுமையாக இருக்கும். காலை பத்து மணிக்குப் பின்னரே பறவைகள் வரத் தொடங்கும். பிற்பகல் வரை வரும்.

வரும்போது அவை இருக்கும் நிலையே இவ்விடத்தின் தனிச்சிறப்பு. உயரமெல்லாம் கடல்மேல் செலவாகிவிட்டபடியால் அலைக்குச் சற்று மேலே, பிறகு மரத்தலைகளை உரசுவது போல, கனமாகச் சிறகடித்துக்கொண்டு வருகின்றன. கலங்கரை விளக்கத்தருகில் நிற்பவர், வேறெங்கும் புள்ளியாகவே காணும் பறவையைக் கண்ணுக்கு நேராக, ஏன், சில வேளைகளில் கீழ்நோக்கியும் காண முடிகின்றது. குன்றின் மேல் எழும் வெப்பக்காற்றைக் கண்டதும் அவை ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிடத் தொடங்கும். சில நிமிடங்களில் தலைக்கு மேல் ஐம்பது, அறுபது பறவைகள் சுழலும். பின்னர் உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக வடக்கு நோக்கி ஒழுகிப் போய்விடும். சில, களைப்பு மிகுதியால் குன்றின் காட்டிலேயே இறங்கி அமர்வதும் உண்டு.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை நிகழும் தென்திசைப் பயணத்தில் இக்காட்சி இவ்வளவு நன்றாகக் கிடைப்பதில்லை. அப்போது பறவைகள் நிலத்தின் மேல் உயரம் பெற்ற பின்னர்க் கடலுக்குள் செல்கின்றன. தாய்லாந்தின் சும்போன் பகுதியில் தீபகற்பம் ஒடுங்கும் இடமே அப்பருவத்திற்கு உரிய பெரிய நோக்குமிடம். சிங்கப்பூரிலும் இயற்கைக் கழகத்தார் நவம்பர்த் திங்களில் எண்ணுகின்றனர்.

எல்லாம் கழுகு அல்ல

ஆசிரியர்கள் இங்கே சொல்லில் சற்றுக் கருத்துச் செலுத்த வேண்டும். வளைந்த அலகுடைய எதனையும் கழுகு என்றே கூறிவிடும் வழக்கம் நம்மிடையே பரவிவிட்டது. தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பருந்து, கழுகு, வல்லூறு, பைரி, இராசாளி, பாறு, எருவை எனப் பழைய சொற்கள் பல உள்ளன. அகன்ற சிறகுடன் வட்டமிடுவன பருந்து, குறுஞ்சிறகும் நீண்ட வாலும் கொண்டு மரங்களுக்கிடையே பாய்ந்து சிறு பறவைகளைப் பிடிப்பன வல்லூறு, உருவிற் பெரியன கழுகு, பிணந்தின்னிகள் பாறு. இவ்வளவு வேறுபாட்டை நான்காம் ஆண்டு மாணவரும் கைக்கொள்ளலாம்.

நீரிணையைக் கடப்பனவற்றுள் பெரும்பான்மை தேன் பருந்து. சிறிய தலையும் சற்றே நீண்ட கழுத்தும் உடையது. தொலைவிலிருந்து பார்த்தால் பெரிய உடலில் புறாத்தலையை ஒட்டியது போல் தோன்றும். நிறத்தை நம்பி இதனை அடையாளம் காண முயல்வோர் ஏமாறுவர். வெளிர்நிறம் முதல் கரும்பழுப்பு வரை ஒரே இனத்தில் பல நிறங்கள் உண்டு. பெயர் தேன் பருந்து என்றாலும் அது நாடுவது தேனை அன்று. குளவிக் கூட்டிலும் தேனீக் கூட்டிலும் உள்ள புழுக்களையே முதன்மையாகத் தின்கிறது. கொட்டுவாய்களிடமிருந்து காக்கும் பொருட்டு அதன் முகத்தில் செதில் போன்ற குறுகிய இறகுகள் நெருக்கமாக அமைந்துள்ளன. சப்பானியர் இதனை ஹச்சிக்குமா என்பர். ஹச்சி என்பது அவர்கள் மொழியில் தேனீயையும் குளவியையும் குறிக்கும்.

அடுத்துக் காணத்தக்கது பாசா எனப்படும் சிறு பருந்து. காக்கையினும் சிறியது; கருமையும் வெண்மையும் கலந்த மேனி, தலையில் நிமிர்ந்த கொண்டை. கருங்கொண்டைப் பருந்து எனலாம். தேன் பருந்துகள் விட்டுவிட்டு வர, இவை நெருங்கிய கூட்டமாக வரும். இவற்றோடு சாம்பல் முகப் பருந்து, சீன வல்லூறு, சப்பானிய வல்லூறு ஆகியவையும் கலந்து செல்லும்.

வலசை வராமல் இங்கேயே வாழ்வனவும் உண்டு. கடற்கரையில் மீன் தேடும் வெண்வயிற்றுக் கடற்கழுகு அவற்றுள் ஒன்று. செங்கல் நிறச் சிறகும் வெண்டலையும் உடைய செம்பருந்து மற்றொன்று. கோயில் குடமுழுக்கின்போது கருடன் வந்துவிட்டதா என்று கூட்டம் முழுவதும் அண்ணாந்து தேடுகிறதே, அப்பறவை இதுதான். வானத்தில் ஒரு பறவைக்காக ஆயிரம் பேர் ஒருங்கே காத்து நிற்கும் பழக்கம் தமிழருக்குப் புதியது அன்று.

எண்ணுவோர் விழா

மலேசிய இயற்கைக் கழகம் 1940இல் மலாயா இயற்கைக் கழகம் என்னும் பெயரால் தோன்றியது. 1985–86இல் எண்டாவ் ரொம்பின் காட்டிற்கு அறிவியல் ஆய்வுப் பயணத்தை நடத்தி, அக்காடு காக்கப்பட வேண்டியதன் காரணத்தை நாட்டுக்கு உணர்த்தியது இக்கழகமே. அதே கழகம் 2000ஆம் ஆண்டில் தஞ்சோங் துவானில் பருந்து நோக்கும் விழாவைத் தொடங்கியது. மார்ச்சுத் திங்களின் தொடக்கத்தில் ஒரு சனி, ஞாயிறு இரு நாள்களிலும் பொதுமக்கள் குன்றுக்கு அழைக்கப்படுகின்றனர். தொலைநோக்கிகள் நிறுத்தி வைக்கப்படுகின்றன. பழகியவர்கள் பழகாதவர்களுக்குப் பறவையைக் காட்டிப் பெயர் கூறுகின்றனர். காட்டு வழியே சிறு நடைகளும் நடைபெறுகின்றன.

இதனைக் கேளிக்கை என்று எண்ணுவோர் உளர். விழாவின் உயிர் எண்ணிக்கையில் இருக்கிறது. பருவம் முழுவதும் தொண்டர்கள் அக்குன்றில் அமர்ந்து மணிக்கு மணி, இனம் இனமாக, காற்றின் திசையையும் வானத்தின் நிலையையும் சேர்த்துக் குறிக்கின்றனர். சுழலும் கூட்டத்தை எண்ணுவது அரிது. பார்த்த பறவையையே மீண்டும் எண்ண நேரும். ஆகவே பழகியவர்கள் சுழற்சியில் கைவைப்பதில்லை. உச்சியை அடைந்து ஒற்றை வரிசையாகப் பிரிந்து செல்லும்போது எண்ணுகின்றனர். கூட்டம் பெரிதானால் பத்துப் பத்தாக மதிப்பிடுகின்றனர்.

இவ்வாறு எண்ணி என்ன கண்டார்கள் என்று கேட்போருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று உண்டு. பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாக் மலை என்றொரு குன்றுத்தொடர். வலசை செல்லும் பருந்துகளை அதன் மேல் நின்று வேட்டைக்காரர்கள் சுட்டுக் குவிப்பது வழக்கமாக இருந்தது. 1934இல் ரோசலி எட்ச் என்னும் அம்மையார் அம்மலையைத் தம் பொறுப்பில் எடுத்துச் சுடுவதைத் தடுத்தார். காவலுக்கு அமர்ந்தவர்கள் கடந்து செல்லும் பறவைகளை நாள்தோறும் எண்ணி எழுதினர். அவ்வெண்ணிக்கைக்கு அன்று ஒரு பயனும் புலப்படவில்லை. வெண்டலைக் கழுகின் குஞ்சுக்குத் தலை வெளுக்கச் சில ஆண்டுகள் ஆகும். ஆதலால் இளையது எது, முதிர்ந்தது எது என்று பறக்கும்போதே கூறலாம். 1935 முதல் 1939 வரை அங்குக் கண்ட அக்கழுகுகளில் நூற்றுக்கு 40 இளையவை. 1955 முதல் 1959 வரை கண்டவற்றில் நூற்றுக்கு 20 தான் இளையவை. முதிர்ந்த பறவைகள் இருந்தும் குஞ்சுகள் பிறக்கவில்லை! ராச்சல் கார்சன் அம்மையார் 1962இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ என்னும் நூலில் பூச்சிகொல்லி நஞ்சின் கேட்டை விளக்க எடுத்துக்காட்டிய சான்றுகளுள் இதுவும் ஒன்று. 1967இல் ராட்கிளிஃப் என்னும் ஆங்கிலேய அறிஞர் பைரியின் முட்டையோடுகளை எடைபோட்டு, அவை 1940களின் பிற்பகுதியிலிருந்து மெலிந்துவிட்டன என்று காட்டினார். டி.டி.டி. நஞ்சு பூச்சியிலிருந்து சிறு பறவைக்கும், அதனை உண்ட பெரும்பறவைக்கும் ஏறி, முட்டையோட்டை மெலிவித்திருந்தது. அடைகாக்கும் தாயின் எடையைத் தாங்காமல் முட்டைகள் நொறுங்கின.

தோட்டப்புறத்தில் வாழ்வோருக்கு இது தொலைநாட்டுக் கதை அன்று. எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கூகைகளுக்குப் பெட்டி கட்டி வைக்கின்றனர். எலிக்கு வைத்த நஞ்சு எலி வழியாகக் கூகைக்குச் சென்று அவை மடிந்ததும் நம் நாட்டில் பதிவாகியுள்ளது. உணவுத் தொடரின் உச்சியில் இருப்பது ஊன் உண்ணும் பறவை. கீழே எங்கு நஞ்சு கலந்தாலும் அது உச்சியில் வந்து திரளும். சைபீரியக் காட்டிலோ, சீன வயலிலோ, சுமத்திராத் தோட்டத்திலோ கேடு நேர்ந்தால், அது தஞ்சோங் துவானின் எண்ணிக்கைத் தாளில் குறைவாகத் தெரியக்கூடும். ஓர் ஆண்டுக் கணக்கை வைத்து எதுவும் கூற இயலாது; மழையும் காற்றும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே இடத்தில், ஒரே முறையில் எண்ணியிருந்தால்தான் கூற இயலும்.

அந்த ஒரே இடம் நிலைத்திருக்குமா என்பதே இப்போது எண்ணத்தக்கது. தஞ்சோங் துவான் காட்டின் பரப்பு நூறு எக்டருக்கும் குறைவு. இரு புறமும் கடற்கரை விடுதிகளும் அடுக்குமாடிகளும் எழுந்துள்ளன. இந்நாட்டின் மேற்குக் கரையில் கடலைத் தொட்டு நிற்கும் குன்றுக்காடு மிகச் சிலவே எஞ்சியுள்ளன. காப்புக்காடு என்று சட்டத்தில் எழுதப்பட்ட நிலமும், கோடு மாற்றப்பட்டால் மறுநாள் மனைநிலம் ஆகலாம். 38 கிலோமீட்டர் கடந்து வந்த பறவை அமர்வதற்கு மரம் இருக்க வேண்டும் என்பதை அறிந்தவர் பத்துப் பேராக இருந்தால் அக்காட்டுக்காகப் பேசுவோரும் பத்துப் பேர்தான். விழா நடத்துவோர் பத்தைப் பல்லாயிரமாக்க முயல்கின்றனர்.

இம்முயற்சி பயன் தரும் என்பதற்குச் சிங்கப்பூரில் ஒரு சான்று கிடைத்தது. உபின் தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்னும் கடலோரம் உள்ளது. வற்றுநீர்க் காலத்தில் மணல்திட்டும் கடற்புல்லும் பவளப் பிளவுகளும் வெளிப்பட, உடுமீனும் கடல் அல்லிகளும் காலடியில் தெரியும். அதனைத் தூர்த்து நிலமாக்கும் பணி 2001ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கவிருந்தது. அவ்வாண்டு இயற்கை ஆர்வலர்கள் பொதுமக்களை அங்கு அழைத்துச் சென்று காட்டினர். இனிக் காண முடியாதே என்று ஆயிரக்கணக்கானோர் வந்தனர். அறிஞர்கள் ஆய்வுக் குறிப்புகளை அரசிடம் அளித்தனர். டிசம்பரில் பணி நிறுத்தி வைக்கப்பட்டது. 2002 சனவரியில் அம்முடிவு உறுதி செய்யப்பட்டது. 2007இல் பலகை நடைபாதையும் திறக்கப்பட்டது. மக்கள் சென்று பார்த்தது மட்டுமே காரணம் என்று கூறுவது மிகை. பாராமலே இருந்திருந்தால் பேச்சே எழுந்திராது என்பது மிகை அன்று.

மாணவரை அழைத்துச் செல்வோர்க்கு

போர்ட்டிக்சன் கடற்கரைக்குச் செல்லாத தமிழ்க் குடும்பம் அரிது. சோற்றுப் பொட்டலமும் பாயுமாகச் சென்று குளித்து மீளும் அவர்களில், சிறிது தொலைவில் உள்ள குன்றின் மேல் ஏறிப் பார்த்தவர் எத்தனை பேர்? பள்ளிகளின் கல்விச் சுற்றுலாவும் பெரும்பாலும் இவ்வாறே முடிகின்றது. பேருந்தில் பாட்டு, இறங்கியதும் உணவு, ஒரு படம், திரும்பும் வழியில் உறக்கம். கல்வி என்ற சொல் விண்ணப்பத் தாளோடு நின்றுவிடுகின்றது. குன்றுக்கு அழைத்துச் சென்றும் குரங்குகளுக்கு முறுக்கு எறிவதிலேயே நேரத்தைக் கழித்தால் செல்லாதிருத்தல் நன்று. மனிதர் தரும் தீனிக்குப் பழகிய குரங்கு பறிக்கவும் கடிக்கவும் துணியும்.

செல்வதற்கு முன் ஒரு வாரப் பயிற்சி போதும். பலகையில் மூன்று நிழலுருவங்கள் வரைந்து காட்டலாம்: அகன்ற சிறகும் சிறுதலையும் உடைய தேன் பருந்து, குறுஞ்சிறகும் நீண்ட வாலும் உடைய வல்லூறு, பறக்கும்போது சிறகுகளை மேல்நோக்கிச் சரித்துப் பிடிக்கும் கடற்கழுகு. நிறம் வேண்டாம், வெயிலுக்கு எதிரே எல்லாப் பறவையும் கறுப்புத்தான். எண்ணிக்கைப் பயிற்சிக்கு ஒரு பிடிப் பச்சைப்பயறு போதும். மேசையில் சிதறி, மூன்று நொடியில் துணியால் மூடி, எத்தனை என்று எழுதச் சொல்ல வேண்டும். பிறகு எண்ணிப் பார்த்தால் முதல் நாளில் பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிட்டிருப்பர். மூன்றாம் நாளில் மதிப்பீடு உண்மையை நெருங்கும். விழாவில் எண்ணுவோர் செய்வதும் இதுவே.

குன்றில் தொப்பியும் நீரும் இன்றியமையாதவை. தொலைநோக்கி வழியே கதிரவனை நோக்கினால் கண் கெடும் என்பதை ஒருமுறைக்கு இருமுறை கூறுதல் வேண்டும். வட்டமிடும் பறவையைத் தொடரும் பிள்ளை கதிரவன் இருக்கும் இடத்தை மறந்துவிடும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தாள் கொடுத்து, நேரம், பறவை, எண்ணிக்கை, வந்த திசை என்ற நான்கு கட்டங்களை நிரப்பச் செய்யலாம். அரை மணி நேரம் ஒன்றும் வாராவிடில் அதனையும் சுழி என்று எழுதுதல் வேண்டும். சுழியும் ஓர் எண்ணிக்கையே.

அன்று தாளில் ஏறிய பறவை எங்கே செல்கின்றது என்று பிள்ளைகள் கேட்டால் அதற்கும் விடை உண்டு. சப்பானிய அறிஞர் ஹிகுச்சியும் அவர்தம் குழுவினரும் 2000களில் தேன் பருந்துகளின் முதுகில் சிறு கருவிகளைப் பொருத்திச் செயற்கைக்கோள் வழியே அவற்றின் வழியைத் தொடர்ந்தனர். இலையுதிர்காலத்தில் அப்பறவைகள் சப்பானின் மேற்குத் தீவுகளிலிருந்து கிழக்குச் சீனக் கடலைச் சுமார் 700 கிலோமீட்டர் நேரே கடந்து சீனாவை அடைகின்றன. அப்போது காற்று பின்னிருந்து தள்ளுகின்றது. பிறகு இந்தோசீனம், மலாய்த் தீபகற்பம், சுமத்திரா என இறங்கிச் சாவகத்துக்கும் போர்னியோவுக்கும் செல்கின்றன. திரும்பும்போது அக்காற்று துணை செய்வதில்லை. ஆகவே மார்ச்சில் நம் நீரிணையைக் கடந்தவை சீனாவின் வழியே வடக்கே சென்று, பெருங்கடலைத் தவிர்த்துக் கொரியத் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு, மே மாதத்தில் சப்பானில் தாம் முன்பு கூடு கட்டிய காட்டிற்கே போய்ச் சேர்கின்றன.